கூகைமலையை இழுத்தவர்கள்

கூகைமலை நாவல்குளத்துப் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் வந்து நின்ற காலையில், முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள் அண்ணாந்து அதைப் பார்த்தார்கள், காற்று நல்ல குளிர்ச்சியாக வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். முந்தின நாள் வரைக்கும் அந்த மலை வயல்களுக்கும் பனங்காட்டுக்கும் அப்பால், வேறெந்த மலையோடும் ஒட்டாமல், படுத்துக் கிடக்கும் எருமை மாதிரி நீலமாகத் தெரியும். இப்போது நீலம் போய்ப் பச்சை வந்திருந்தது. பாறையில் தண்ணீர் வழிந்து வழிந்து விழுந்த கோடுகள் தெரிந்தன. ஈச்சம்புதர் ஒன்றிலிருந்து ஒரு மயில் கழுத்தை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மைதீன்பிச்சையின் டீக்கடைப் பின்சுவர் மலையடிப் பாறையில் முட்டாத குறையாக நின்றதால், அவர் அங்கே வைத்திருந்த விறகை எடுத்து முன்பக்கம் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

மலையைக் கொண்டுவந்தது யார் என்று ஊர் தேடி அலையவில்லை. முத்துவடிவு தானே கடைக்கு வந்து சொல்லிவிட்டாள்.

"நான்தான் பாய். நேத்து சாயங்காலம் புது லென்ஸ மாட்டி ஒரு படம் எடுத்தேன். காலைல எந்திச்சுப் பாத்தா இங்கன வந்து நிக்குது."

"அப்படியா," என்றார் மைதீன்பிச்சை. "உனக்குச் சீனி கம்மிதான?"

முத்துவடிவு அந்த ஊர் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவள். ஐம்பதை நெருங்குகிற வயது. ஊரில் பாதிப் பேரின் முழங்காலையும் விலா எலும்பையும் அவள் பார்த்திருக்கிறாள், ஆனால் அவர்களில் ஒருவர் வீட்டு அடுக்களையைக்கூடப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு அழைத்தால் போவாள், பந்தியில் ஓரத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவாள், யாராவது பேச்சுக் கொடுத்தால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள், வேறெதைக் கேட்பது என்று தெரியாமல் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா போன பிறகு வாடகைக்கு எடுத்த மாடி வீட்டில் அவளும் ஒரு மொட்டை மாடியும்தான். சவூதியிலிருந்து வந்த சித்தி மகன் ஒரு பழைய பிலிம் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். மனிதர்களைப் படம் எடுப்பதென்றால் நிற்கச் சொல்ல வேண்டும், சிரிக்கச் சொல்ல வேண்டும். மலையிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சாயங்கால வெயில் கிழக்கே இருந்த மலையின் முகத்தில் விழுகிற நேரத்தில் மாடிக்குப் போய் அதைப் படம் எடுத்தாள். எடுத்து எடுத்து அதுவே பழக்கமாகி, பிலிம் கேமரா போய் டிஜிட்டல் கேமரா வந்தது. சாதாரண லென்ஸில் மலை கண்ணுக்குத் தெரிகிற அளவிலேயே இருந்தது. அகலமான லென்ஸில் வானமும் வயலும் அள்ளிக்கொண்டு வர, மலை மூலையில் ஒரு சுண்டைக்காயாகச் சுருங்கியது. கடைசியாக, சென்னையில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற ஒருவரிடமிருந்து, சுரைக்காய் பருமனில், ஸ்டாண்டில் வைத்தாலொழிய கையில் தாங்காத ஒரு பெரிய லென்ஸ் வாங்கினாள். அதை மாட்டிய முதல் நாளில் மலை முழுசாகச் சட்டத்துக்குள் வந்து நின்றது; அவள் அமுக்கினாள்; விடிவதற்குள் அது ஊருக்குள் வந்துவிட்டது.

நாவல்குளம் மலையோடு வாழப் பழகிக்கொண்டது. சூரியன் மலையைத் தாண்டி வரத் தாமதமானதால் பள்ளிக்கூட மணியைத் தள்ளி அடித்தார்கள். வடகம் காயப் போடுகிறவர்கள் மத்தியானம் வரைக்கும் பொறுத்தார்கள். ஆடுகள் சரிவில் ஏறி மேய்ந்து, தோலில் காட்டுப்புல் வாசனையோடு திரும்பின. மலையோடு கூட வந்த ஓடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சாக்கடையில் விழுந்து அதைக் கழுவிவிட்டுக் குளத்துக்குப் போனது, சாக்கடை நாற்றம் போன தெருவில் பெண்கள் முதல் தடவையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பன்றிகள் வந்து மரவள்ளியைத் தோண்டின, அதற்கும் ஆள் போட்டுத் தகரம் தட்டினார்கள். மைதீன்பிச்சை இருந்த கடையை அடைத்துவிட்டு மலைச்சரிவிலேயே நாலு கம்பு நட்டுக் கடை போட்டார். மலை எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், எக்ஸ்ரேக்காரப் பிள்ளை இழுத்துக் கொண்டாந்துச்சு என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார்.

பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் மட்டும் ஒரு நாள் அவள் வீட்டுப் படியேறி வந்தார்.

"வடிவு, குத்தம் சொல்லல. நல்ல காரியம்தான். ஆனா என் வாழைக்குக் காலை வெயிலே இல்லாமப் போச்சு. கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"

அவள் அகலமான லென்ஸை மாட்டி ஒரு படம் எடுத்தாள். மறுநாள் மலை தன் பழைய இடம் வரைக்கும் போய்விட்டது. பிறகு பெரிய லென்ஸைப் பாதிக்குத் திருப்பி எடுத்தாள். மலை வந்து வாழைத்தோப்பின் ஓரத்தைத் தொடாமல் நின்றது. தங்கப்பழம் ஒரு தார் ரஸ்தாளி கொடுத்தனுப்பினார். ஒற்றை ஆளுக்கு ஒரு தார் எதற்கு. அது பழுத்துக் கறுத்து மாடியில் கிடந்தது.

அப்படி இருந்த மலை ஒரு சாயங்காலம் காணாமல் போனது. பழைய இடத்துக்கும் அப்பால், அடிவானத்தில் பென்சிலால் இழுத்த கோடு மாதிரி தெரிந்தது. முத்துவடிவு தன் லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து, துடைத்து மாட்டி, மறுபடி இழுத்தாள். விடியும்போது வந்து நின்றது. மறுநாள் சாயங்காலம் மறுபடி போயிருந்தது. இப்படியே நாலைந்து நாள் போன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. மலைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்திலும் ஒரு ஊர் இருக்கிறது. காலை வெயில் மலையின் கிழக்கு முகத்தில் விழுகிற நேரத்தில், அங்கே யாரோ ஒருவர் பெரிய லென்ஸ் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அன்று சாயங்காலம் லென்ஸைக் கடைசி வரைக்கும் திருப்பி இழுத்தாள். அந்தப் பக்கத்தவரும் விடவில்லை. ஆனால் நாள் ஆக ஆக, கிளினிக்கில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், மலை போயிருக்குமா என்று அவள் எட்டி எட்டி நடக்க ஆரம்பித்தாள். போயிருந்தது என்று கண்டால் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. தன்னை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார், தான் செய்ததற்குப் பதில் செய்கிறார். அப்படி ஒன்று அவளுக்கு வெகுகாலமாக இல்லை.

முகம் தெரியாத அந்த ஆளை மலை போகிற விதத்தை வைத்தே அவள் தெரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை போகாது. ஆகையால் அவர் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். மழை பெய்தால் போகாது. கேமராவைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறவர். மெதுவாகத்தான் இழுப்பார், இத்தனை தடவை போய் வந்தும் சரிவில் மைதீன்பிச்சையின் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றுகூட உடையவில்லை. கிறிஸ்துமஸ் வந்தபோது அவள் மூன்று நாள் இழுக்காமல் மலையை அங்கேயே விட்டுவைத்தாள். பொங்கல் வந்தபோது மலை மூன்று நாளும் நாவல்குளத்திலேயே நின்றது. அன்றைக்கு மாடியில் தனியாகப் பொங்கல் வைத்தவள், ஒரு கரண்டி எடுத்து மலைப்பக்கம் நீட்டிவிட்டுத் தானே வெட்கப்பட்டுக்கொண்டாள்.

மலையோடு போய் மலையோடு வருகிற மைதீன்பிச்சையிடம் ஒரு தடவை கேட்டாள். "அங்கன யாருன்னு பாத்தியளா பாய்?"

"எங்கிட்டுப் பாக்க? நான் இந்தப் பக்கத்துச் சரிவுலல்லா கெடக்கேன். மலையேறி எறங்கணும். என் முட்டு இருக்க இருப்புல? நீதான படம் எடுத்த, உனக்குத் தெரியாதா? ஜெபக்கூட்டம் மைக் சத்தம் மட்டும் கேக்கும்."

அவரால் முடியாமல் போனது நல்லதுதான் என்று அவளுக்குப் பட்டது.

ஊர் இதற்கும் ஒத்துப்போயிற்று. காலையில் மலை இருக்கும், சாயங்காலம் இருக்காது என்று தெரிந்ததும் ஆடுகளை மத்தியானமே இறக்கினார்கள். இறக்க மறந்தவர்களின் ஆடுகள் அந்தப் பக்கம் போய் அந்தப் பக்கத்து ஆடுகளோடு கலந்து, வெள்ளைக் குட்டிகளும் செம்மறி வாடையுமாகத் திரும்பி வந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

பங்குனி முடிகிற சமயத்தில் மலை போவது நின்றது.

முதல் நாள் அவள் மழை என்று நினைத்தாள், மழை இல்லை. அடுத்த நாள் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தாள். ஒரு வாரம் ஆயிற்று, இன்னொரு வாரமும் ஆயிற்று, மலை நகரவில்லை. நாவல்குளத்துக்குக் கொண்டாட்டம். மலை நமக்கே நின்றுவிட்டது என்று தங்கப்பழம் வெடி போட்டார், ஓடையிலிருந்து தெருக்களுக்குக் குழாய் பதித்தார், அடிவாரத்தில் கல் நட்டு மனை பிரித்தார். தெருவில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் அவளைப் பார்த்து, "ஜெயிச்சிட்டியே வடிவு" என்றார்கள். அவள் சிரித்து வைத்தாள். சாயங்காலம் மாடிக்குப் போனால் மலை அவள் முகத்துக்கு நேரே நின்றது, கையை நீட்டினால் தொடலாம் போல நின்றது. படம் எடுக்க அங்கே எதுவும் இல்லை. அகலமான லென்ஸை மாட்டி மலையைக் கொஞ்சம், குழாய்கள் பிய்யாத அளவுக்கு, அந்தப் பக்கமாகத் தள்ளி விட்டுப் பார்த்தாள், இந்தா எடுத்துக்கொள் என்று கொடுக்கிற மாதிரி. தள்ளிய இடத்திலேயே அது நின்றது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆள் இறந்துவிட்டார் என்று அவள் முடிவு செய்தாள். யாரென்றே தெரியாத ஒருவருக்காக எக்ஸ்ரே அறைக்குள் இருட்டில் நின்று அழுதாள். மறுநாள் கிளினிக்கில் லீவு சொல்லிவிட்டு, கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிகாலையில் மலையேறினாள். பஸ்ஸில் சுற்றிக்கொண்டும் போகலாம். அவளுக்கு ஏறிப் போக வேண்டும் போல் இருந்தது.

உச்சியைத் தாண்டி இறங்கினால், அந்தப் பக்கம் முதலில் வந்தது ஒரு வெட்டவெளி. மலை இத்தனை நாள் வந்து வந்து நின்ற இடம் அது. மண் ஈரமாக, கறுப்பாக, கட்டிலைத் தூக்கிய இடத்துத் தரை மாதிரி இருந்தது. புல் முளைக்கவில்லை. அதில் கால் புதையப் புதைய நடந்து, உச்சிவெயிலில் தட்டான்விளை என்கிற ஊருக்கு வந்து சேர்ந்தாள். படம் எடுக்கிறவர் வீடு எது என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். செத்த வீட்டுக்குப் போகிற முகத்தோடு அந்த வாசலில் போய் நின்றாள்.

வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. முற்றத்தில் குழந்தைத் துணிகள் கொடி கொடியாகக் காய்ந்தன, உள்ளே மிக்ஸி ஓடியது, இரண்டு பிள்ளைகள் ஒரு வாளித் தண்ணீருக்குச் சண்டை போட்டன. பேத்தி ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு ஒரு நெட்டையான மனிதர் வெளியே வந்தார். அருமைநாயகம், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"யாரு தங்கச்சி, யாரத் தேடுதிய?"

"நான் நாவல்குளத்துலருந்து வாரேன்," என்றாள் முத்துவடிவு. பையைத் திறந்து பெரிய லென்ஸைக் காட்டினாள்.

அவர் லென்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்கதானா அது? நான் ஆம்பளைன்னுல்லா நெனச்சிருந்தேன்! ஏட்டி கிரேஸ், சாப்பாடு எடுத்து வையி, மலைக்கு அந்தப் பக்கத்து ஆளு வந்திருக்காவ!"

"உங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சு ஓடி வந்தேன் அண்ணாச்சி."

"எனக்கென்ன, கல்லுக் கணக்கா இருக்கேன்."

"அப்ப ஏன் நீங்க இழுக்கல?"

அவர் பேத்தியை மகள் கிரேஸிடம் கொடுத்துவிட்டு, அவளை உட்கார வைத்து, இலை போட்டு, சோறு வந்து குழம்பு ஊற்றிய பிறகுதான் சொன்னார்.

"தப்பா நெனைக்கப்பிடாது. சர்வீஸ் பூரா நான் அந்த மலையச் சுத்தித்தான் வண்டி ஓட்டுனேன். காலையில கண்ணாடில சின்னதாத் தெரியும், பெருசாவும், பின்னாடி போயிரும். ரிட்டயர் ஆன வருசமே வீட்டுக்காரியும் போயிட்டா. எனக்கும் அந்த மலையத் தவிர ஒண்ணுமில்ல. கேமரா வாங்கினேன், மூணு லென்ஸ் வாங்கினேன். பெறவு மகளுவ ரெண்டு பேரும் பிள்ளைகளோட இங்க வந்துட்டாளுவ. வீடு நெறஞ்சு போச்சு. ஒருநாள் காலையில கேமராவத் தூக்கிட்டு மாடிக்குப் போயி கண்ண வச்சேன். அப்பம் தோணிச்சு. மழைன்னாலும் இழுக்காரு, வெயில்னாலும் இழுக்காரு, கிறிஸ்மஸ் மூணு நாளத் தவிர ஒரு நாள் தப்பாம இழுக்காரே, அந்தப் பக்கத்து மனுசனுக்கு இது தவிர வேற எதுவும் இருக்காது போலயேன்னு. எனக்குத்தான் இம்புட்டுப் பேரு இருக்காவள்லா. அவரே வச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன்."

முத்துவடிவு சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எனக்கு மலை வேணும்னு உங்ககிட்ட யாரு சொன்னா?" என்றாள் கடைசியில். "காலையில நீங்க இழுப்பியள்லா. அதுக்காகத்தான் நான் சாயங்காலம் இழுத்தேன்."

வாளிக்குச் சண்டை போட்ட பிள்ளைகள் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடின. அருமைநாயகம் தன் பெரிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தெரியாமப் போச்சே தங்கச்சி."

"இனிமே எனக்கு இரக்கப்பட்டு இழுத்துராதிய அண்ணாச்சி. உங்களுக்கு ஆசையிருந்தா இழுங்க. இல்லன்னா அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. கிரேஸ் வந்து, "ரசம் ஊத்திக்கோங்க அத்தே" என்றாள். அத்தை என்று அவளை யாரும் கூப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அவள் ரசத்துக்குச் சோற்றில் குழி பறிக்க மறந்துவிட்டாள், அது ஓடிப் போயிற்று. சாப்பிட்ட பிறகு அவர் தான் எடுத்த படங்களைக் காட்டினார். அதே கூகைமலைதான், ஆனால் அவள் பார்த்தறியாத பாறைகள், அவள் பார்த்தறியாத மரங்கள், எல்லாவற்றின் மேலும் காலை வெளிச்சம். அந்த மலையைத் தனக்கு முழுசாகத் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

கிரேஸ் ஸ்கூட்டரில் கொண்டுவந்து அடிவாரத்தில் இறக்கிவிட்டாள். முத்துவடிவு உச்சிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ஒரு பக்கம் நாவல்குளம், அவளுடைய மாடி, கொடியில் ஒற்றைத் துண்டு. மறுபக்கம் தொலைவில் தட்டான்விளை. மூச்சு வாங்க உட்கார்ந்தவள், பெரிய லென்ஸை மாட்டி, ஒரு பாறைமேல் தாங்க வைத்துத் தட்டான்விளைப் பக்கம் திருப்பினாள். அந்த லென்ஸை மலையைத் தவிர வேறெதன் மேலும் அவள் அதுவரைக்கும் திருப்பியதில்லை. அருமைநாயகத்தின் வீடு சட்டத்துக்குள் வந்து நின்றது. முற்றம், கொடிகள், வாளி, யாரோ ஒரு பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓடுகிற கிரேஸ், மாடிப்படியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர். ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். விடியும்போது அந்த வீடு மிக்ஸியோடும் ரசத்தோடும் பிள்ளைகளோடும் அவள் தெருவில் வந்து நிற்கும். ஊர் பார்க்கும், ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்லிக்கொள்ளும், பஸ் வந்ததும் ஏறிப் போய்விடும்.

விரல் பொத்தான் மேல் இருந்தது. வெளிச்சம் போகிற வரைக்கும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் காலையில் கதவைத் திறந்து வெளியே வந்து, இது எந்த ஊர் என்று விழிக்கிற முகம் அவள் கண்ணுக்குள் வந்தது. லென்ஸைக் கழற்றி மூடியைப் போட்டுப் பையில் வைத்தாள். மைதீன்பிச்சை கடையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே சரிவில் இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் மாடிக்குப் போகவில்லை. கேமராவைத் தலையணை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். கோடை முழுக்க மலை நாவல்குளத்தில் நின்றது. குழாய்களில் ஓடைத் தண்ணீர் வந்தது. அடிவார மனைகளில் வாஸ்து பார்த்தார்கள். ஆனி பிறந்து சாரல் பிடித்து, சாரல் விட்ட ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெருக் குழாய்களெல்லாம் கொர்ரென்று காற்றை விட்டன. வெளியே வந்து பார்த்தவர்களுக்கு நேராக வானம் மட்டும் இருந்தது. மலை அடிவானத்துக்குப் போயிருந்தது. குழாய்கள் வெட்டவெளியில் பிய்ந்து நின்றன. தங்கப்பழம் நட்ட மனைக்கற்கள் ஈர மண்ணில் வரிசையாக நின்றன. மலையைத் துரத்திக்கொண்டு ஓடிய தங்கப்பழம் அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஊரே கிளினிக் வாசலுக்கு வந்துவிட்டது. "வடிவு, வீட்டுக்குப் போயி லென்ஸ எடு. சீக்கிரம் இழு."

"இன்னைக்கு வேண்டாம்," என்றாள் முத்துவடிவு. அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "இன்னைக்கு அங்கன இருக்கட்டும். நாளைக்குப் பாக்கலாம்."

"எனக்கு முதல்ல நெஞ்ச எடும்மா," என்றார் தங்கப்பழம், ஸ்ட்ரெச்சரில் முனகிக்கொண்டு.

உள்ளே கூட்டிப் போய், சட்டையைக் கழற்றச் சொல்லி, குளிர்ந்த பலகையில் அவர் மார்பை ஒட்ட வைத்து நிறுத்தினாள். தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். அருமைநாயகம் ஆசைப்பட்டு இழுத்தாரா, இல்லை, வாசல் வரைக்கும் வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்த ஒரு பெண்ணை நினைத்து இழுத்தாரா? கேட்டால் உண்மையைச் சொல்வாரா? சொன்னால்தான் தன்னால் அதைத் தாங்க முடியுமா? நேற்று வரைக்கும் இழுக்காத மனிதர் இன்றைக்கு ஏன் கேமராவைத் தூக்கினார், பிள்ளைகள் கேட்டார்களா, இல்லை, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது எதிரே அந்த வெற்றிடத்தைப் பார்த்தாரா?

"மூச்ச நல்லா இழுங்க," என்றாள். "அப்படியே பிடிச்சுக்கோங்க."

பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரிந்து அணைந்தது. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளேயிருந்து தங்கப்பழம் பலகையைத் தடதடவென்று தட்டினார்.

"விடுங்க," என்றாள் முத்துவடிவு.